சுரங்கத்தில் போடவா, சுருக்குப்பையில் முடியவா?

போன இதழில் பச்சை மிளகு ஊறுகாய் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி ஊறுகாயைப் பற்றியே இல்லை! "அக்கா, உங்க வீட்டுக்காரர் ரிடையர் ஆகப் போறார்னு எழுதியிருந்தீங்களே, அந்தப் பணத்தை என்ன பண்ணப் போறீங்க? எங்க வீட்லயும் அதே கேள்விதான்" என்று சகோதரிகள் பலர் கேட்டிருக்கிறார்கள். சமையல் குறிப்பை இந்த முறை ஒதுக்கி வைத்துவிட்டு அதையே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு எஸ்டேட்டில் கணக்கு வேலை. இன்னும் நாலு வருஷத்தில் 58 முடிகிறது. கைக்கு வருவது பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும்தான். பென்ஷன் உண்டே என்று நினைக்காதீர்கள். பி.எஃப். ஆபீஸ் தரும் பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். அதைக் காட்டிலும் கொஞ்சம் கூடவே எங்களுக்கு வரலாம். ஆனால் மலையில் இருந்துகொண்டு மருந்து வாங்கச் சேலத்துக்கு இறங்கி ஏறும் செலவுக்கே அது சரியாகப் போய்விடும். ஆகவே, மொத்தமாக வரும் அந்த ஒரே ஒரு தொகையில்தான் எங்கள் மிச்ச வாழ்நாள் பூராவும் அடங்கியிருக்கிறது.

இந்த நிலைமையில்தான் என் கொழுந்தனார் சேலத்திலிருந்து ஒரு வழவழப்பான காகிதத்தோடு வந்து சேர்ந்தார். பழைய சுரங்கங்களின் கழிவு மண்ணிலிருந்து தங்கத்தையும், செல்போன், மின்சார வண்டி பாட்டரிக்கெல்லாம் வேண்டிய அபூர்வ உலோகங்களையும் புது முறையில் பிரித்தெடுக்கப் போகிறதாம் ஒரு கம்பெனி. பங்குகள் இன்னும் மார்க்கெட்டுக்கு வரவில்லை; இப்போதே வாங்கினால் மலிவாம்.

"அண்ணி, தங்கத்தை வாங்கிப் பீரோவில் பூட்டி வச்சா அது குட்டியா போடும்? தங்கத்தை எடுக்கிற கம்பெனியில போட்டா வருஷா வருஷம் லாபம் வரும்ல?"

"குட்டி போடாது தம்பி, வாஸ்தவம்தான். ஆனா ஓடியும் போகாதே!" என்றேன் நான். அவர் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. அவர் கெட்டவரில்லை, அவர் சொன்னதிலும் விஷயமில்லாமல் இல்லை. கோலார் தங்கவயலில் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறதே சயனைடு மண், அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கலாம் என்ற பேச்சு பல வருஷமாக நடக்கிறது. 2024இல் கர்நாடக அரசும் அதற்குச் சம்மதம் தந்தது. ஆகவே 'எல்லாம் ஏமாற்று' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியவில்லை. என் மகளை விட்டுக் காலேஜ் லைப்ரரியிலிருந்து புத்தகங்கள் கொண்டுவரச் சொல்லி, ஒரு மாதம் மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து படித்தேன். படித்தது பாதி, எங்கள் மலையிலேயே கண்ணால் பார்த்தது பாதி.

எங்கள் சேர்வராயன் மலையின் தலையில் இருக்கும் செம்மண் கல்லுக்குப் பாக்சைட் என்று பெயர். அலுமினியம் அதிலிருந்துதான் வருகிறது. இங்கேயும் கொல்லிமலையிலும் அதை வெட்டி, லாரி லாரியாக மேட்டூருக்கு, மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்குக் கொண்டு போனார்கள். மால்கோ என்றால் சேலம் ஜில்லாவில் எல்லோருக்கும் தெரியும். நம் சமையலறையில் நசுங்கிப் போய் மூலையில் கிடக்கும் பழைய சோற்றுப் பானை இருக்கிறதே, அது ஒரு காலத்தில் ராஜாக்களின் உலோகம் என்று சொன்னால் நம்புவீர்களா?

சத்தியமாகத்தான் சொல்கிறேன். 1850களில் பிரான்சு தேசத்தில் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி ஆண்டபோது, அலுமினியத்தைக் கல்லிலிருந்து பிரிப்பது அத்தனை கஷ்டமாம். ரொம்ப முக்கியமான விருந்தாளிக்கு அலுமினியக் கரண்டி, மற்றவர்களுக்கு வெறும் தங்கக் கரண்டி என்று அரண்மனையில் வைத்ததாகக் கதை சொல்வார்கள். 1884இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூணுக்கு உச்சியில் சின்னதாக ஒரு அலுமினியக் கூம்பு வைத்தார்கள். மூன்று கிலோகூட இல்லை. அப்போது அதற்கு வெள்ளிக்குச் சமமான மதிப்பு.

இரண்டே வருஷம் கழித்து 1886இல், அமெரிக்காவில் ஹால் என்ற பையனும் பிரான்சில் எரூ என்ற பையனும், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே முறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான். கிரையோலைட் என்ற உப்பைப் பாகு மாதிரி உருக்கி, பாக்சைட்டிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடியை அதில் கரைத்து, மின்சாரத்தைப் பாய்ச்சினால் அடியில் அலுமினியம் தங்கிவிடுகிறது. (ஹாலுக்குப் பக்கத்துணையாக இருந்தது அவருடைய அக்கா ஜூலியா. அவளும் ரசாயனம் படித்தவள். அவள் எழுதி வைத்த விவரங்கள் பின்னால் பேடன்ட் தகராறில் தம்பிக்குக் கைகொடுத்ததாம். அக்காமார்களின் பெயர் எந்தக் கம்பெனிப் பலகையிலும் இருப்பதில்லை, அது வேறு கதை.) அடுத்த பத்து வருஷத்துக்குள் ஒரு பவுண்டு அலுமினியம் ஒரு டாலருக்கும் கீழே விலை இறங்கிவிட்டது. கொஞ்ச காலத்தில் அது சட்டியாகவும் பானையாகவும் ஆகி, நம் பாட்டிமார்களின் அடுப்பில் ஏறிவிட்டது.

என் கொழுந்தனாரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒரே குஷி. "பார்த்தீங்களா அண்ணி! அலுமினியத்தை நகையா வாங்கி வச்சவன் தலையில துண்டு. புது முறையில பணம் போட்டவன் கோடீஸ்வரன்!" அவர் சொல்வது உண்மைதான். ஹாலுக்குப் பணம் போட்டவர்கள் நன்றாகத்தான் சம்பாதித்தார்கள். ஆனால் அதே முறையில் எங்கள் பக்கத்தில் நடந்த ஆலையின் கதையையும் கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள்.

மேட்டூர் ஆலை 1965இல் ஓட ஆரம்பித்தது. மலையில் பாக்சைட் இருந்தது, மேட்டூரில் அணை இருந்தது, வாங்குவதற்கு நாடு இருந்தது. ஆனாலும் ஒரு டன் அலுமினியம் வேண்டுமென்றால் சுமார் நாலு டன் பாக்சைட் வேண்டும். அதைவிட முக்கியமாகப் பதினைந்தாயிரம் யூனிட் அளவுக்குக் கரண்ட் வேண்டும்! நம் வீட்டில் மாதம் 100 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னுக்கு நம் வீட்டின் பன்னிரண்டு வருஷக் கரண்டுக்கும் மேலே. கரண்ட் கட்டணம் ஏறினால் ஆலை தள்ளாடும். 1991இல் மூடினார்கள். 1995இல் ஸ்டெர்லைட் கம்பெனி வாங்கி, சொந்தமாக மின்நிலையம் போட்டு மறுபடி ஓட்டியது. 2008 கடைசியில் உலகமெங்கும் விலை விழுந்தபோது உருக்காலை நின்றுபோனது. மண்ணில் உலோகம் இல்லையென்றா நின்றது? இல்லையே, கல் இன்னும் மலையில்தான் இருக்கிறது. தொழில்நுட்பமாவது புரட்டா? நூறு வருஷம் உலகமே பார்த்துவிட்ட முறை. இத்தனையும் சரியாக இருந்தும் கரண்ட் பில்லும் சந்தை விலையும் ஆலையைச் சாய்த்துவிட்டன. 1985இல் ஒருவர் அந்த ஆலையை நம்பி ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டிருந்தால், தமது அறுபதுகளில் நாலு வருஷம் பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதைவிட என்னை உலுக்கியது நீலகிரிக் கதை. கூடலூருக்கு அப்பால் தேவாலா, பந்தலூர் என்று ஊர்கள் இருக்கின்றன அல்லவா? இன்று தேயிலைக்காடு. அங்கே ஓடை மணலைக் குறும்பர்கள் அரித்துக் கொஞ்சம் கொஞ்சம் தங்கம் எடுப்பது பழைய வழக்கம். 1879இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ப்ரோ ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை அரசாங்கமே வரவழைத்தது. கல்லில் நல்ல தங்கம் இருக்கிறது என்று அவர் அறிக்கை எழுதினார். அவ்வளவுதான், லண்டனில் பித்துப் பிடித்துவிட்டது. இரண்டு வருஷத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், நாற்பது லட்சம் பவுனுக்கு மேல் மூலதனம்! (இந்தப் பவுன் அவர்கள் நாணயம். அந்தத் தங்க நாணயத்தின் எடை 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நாம் நகைக்கடையில் 'ஒரு பவுன்' என்று கேட்பதும் அதிலிருந்து வந்ததுதான்.)

அந்தச் சமயம் காபித் தோட்டங்களுக்குப் பூச்சியும் இலை நோயும் வந்து துரைமார்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். காபி செத்த தோட்டத்தை 'தங்க நிலம்' என்று கம்பெனிகளுக்குக் கொள்ளை விலைக்கு விற்றார்கள். ஜனங்கள் போட்ட மூலதனத்தில் பெரும்பங்கு சுரங்கம் வெட்டுவதற்கு முன்பே நிலம் விற்றவர்கள் பைக்குப் போயிற்று. மிஷின்களை மாட்டு வண்டியில் கட்டிக் காட்டுப் பாதையில் ஏற்றினார்கள். பந்தலூரில் ஓட்டல், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் வந்தனவாம். அரைத்துப் பார்த்தால் அறிக்கையில் சொன்ன அளவுக்குத் தங்கம் வரவில்லை. 1883க்குள் அநேகமாக எல்லாம் முடிந்தது. ஓடாத மிஷின்கள் காட்டில் துருப்பிடித்துக் கிடந்தன. காபி வீட்டைச் சேர்ந்தவள் என்பதால் எனக்கு இது சாதாரணக் கதையாகத் தெரியவில்லை. அந்தப் பங்குகளை வாங்கியவர்களில் என்னைப்போல ஒரு கணக்கர் மனைவியும் லண்டனில் எங்கோ இருந்திருப்பாள் என்றுதான் தோன்றியது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அதே 1880இல்தான் கோலாரில் மைசூர் சுரங்கக் கம்பெனியும் ஆரம்பமானது. நாலு வருஷம் வெட்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடையைக் கட்டிவிடலாம் என்று பங்குதாரர்கள் சொன்ன வேளையில், மிச்சமிருந்த சொற்பப் பணத்தில் கடைசியாக ஒரு இடத்தில் தோண்ட, சாம்பியன் என்று பெயர் வைத்த தங்கப் படலம் அகப்பட்டது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல், மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போய், மொத்தம் எண்ணூறு டன்னுக்கு மேல் எடுத்தார்கள். நீலகிரியில் போட்டவரும் சரி, கோலாரில் போட்டவரும் சரி, 1880இல் கையில் வைத்திருந்தது ஒரே மாதிரிக் காகிதம்தான். எது எதுவாகும் என்று நிபுணருக்கே தெரியவில்லை, நமக்கா தெரியப் போகிறது?

அது அந்தக் காலம், இப்போது விஞ்ஞானம் வளர்ந்துவிட்டதே என்பார்கள். சரி, இந்தக் காலத்துக்கே வருவோம். 1997இல் கனடா தேசத்து ப்ரி-எக்ஸ் கம்பெனி, இந்தோனேசியக் காட்டில் தங்க மலையே இருப்பதாகச் சொன்னது. சோதனைக் கல் பொடியில் யாரோ தங்கத்தூளைக் கலந்து வைத்திருந்தார்கள். அங்கே ஆசிரியர்களின் பென்ஷன் நிதி வரைக்கும் அதில் பணம் போட்டு இழந்தது. நாட்டிலஸ் என்று இன்னொரு கம்பெனி. இதில் புரட்டெல்லாம் கிடையாது. பப்புவா நியூகினி பக்கத்தில் ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஆழத்தில், கடலடியில் தாமிரமும் தங்கமும் எடுக்கப் போவதாக வீடு அளவு மிஷின்கள் மூன்றை இங்கிலாந்தில் செய்து வாங்கினார்கள். ஒரு டன்கூடச் சந்தைக்கு வராமலே 2019இல் திவாலாகிவிட்டது. அந்த நாட்டு அரசாங்கமே அதில் பங்கு வாங்கி 12 கோடி டாலர் அளவுக்கு இழந்தது.

நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் காஷ்மீரின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் என்று பேப்பரெல்லாம் எழுதியது நினைவிருக்கிறதா? அது முதல் கட்டக் கணிப்பு, 'இருக்கலாம்' என்ற அளவு. ஏலம் விட்டபோது போதிய கம்பெனிகள் முன்வராமல் ரத்து செய்தார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் கடலடி உலோக உருண்டைகளை எடுக்கும் மிஷினுக்காக வருஷக்கணக்காக உழைக்கிறது. நிச்சயம் ஒருநாள் பலிக்கும். அரசாங்கத்துக்கு வயது ஏறாது, காத்திருக்கலாம்.

எங்களுக்கு ஏறுமே! கண்டுபிடிப்பது, துளை போட்டுப் பார்ப்பது, சோதனை ஆலை, சுற்றுச்சூழல் அனுமதி, கடன், பெரிய ஆலை என்று போய் லாபம் பங்கிடுவதற்குள் பத்துப் பதினைந்து வருஷம் ஆகலாம். முப்பது வயதில் மாதச் சம்பளம் வாங்குகிறவர் அதில் கொஞ்சம் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. போனால் மறுபடி சம்பாதிப்பார். 58இல் போனால்?

"அப்போ தங்கமேதான்னு சொல்றீங்களா அண்ணி?" என்று கொழுந்தனார் மடக்கினார். இங்கேதான் நம் பெண்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை.

கல்யாணமான புதிதில், 2001 வாக்கில், உலகமெங்கும் காபி விலை அடியோடு சரிந்தது. எஸ்டேட்டில் சம்பளம் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. அதே நேரம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். என் இரண்டு வளையல்தான் கைகொடுத்தது. அந்த நன்றி எனக்குத் தங்கத்தின் மேல் எப்போதும் உண்டு. ஆனால் அப்போது ஒரு பவுன் 3,500 ரூபாய்க்கும் கீழே. தங்கம் அவ்வளவு மலிந்து கிடந்ததும் ஒரு காரணமாகக் கோலார் சுரங்கத்தையே 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். எனக்குத் தேவைப்பட்ட வருஷம்தான் தங்கத்துக்கும் போதாத காலம்!

கணக்கைக் கேளுங்கள். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 850 டாலருக்குப் போனது. அப்புறம் இருபது வருஷம் இறங்குமுகம். 300 டாலருக்கும் கீழே போய், மறுபடி அந்த 850ஐத் தொட்டது 2008 ஜனவரியில். 58 வயதில் உச்ச விலைக்கு வாங்கியவளுக்கு 86 வயது ஆகியிருக்கும். நம் ஊரில் இது இவ்வளவு உறைக்கவில்லை. 1980இல் சுமார் 8 ரூபாயாக இருந்த டாலர் 2001இல் 47 ரூபாய்க்கு வந்துவிட்டதால் ரூபாய்க் கணக்கில் தங்கம் இறங்கவில்லை. ஆனால் அரிசி, பருப்பு விலை அதைவிட வேகமாக ஏறிவிட்டது. மறுபடி 2011இல் 1,900 டாலர் வரை போய், 2015 கடைசியில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வந்து, பழைய விலையைப் பிடிக்க 2020 ஆயிற்று. 2025 அக்டோபரில் 4,000 டாலரையும் தாண்டியதைப் பார்த்து எல்லோரும் நகைக்கடைக்கு ஓடுகிறார்கள். உச்சியில் ஓடுவதுதான் நம் வழக்கமாயிற்றே.

வெள்ளி இன்னும் மோசம். 1980இல் அமெரிக்காவில் ஹன்ட் சகோதரர்கள் என்ற பணக்காரர்கள் வாங்கிக் குவித்து, அவுன்ஸை ஐம்பது டாலர் பக்கம் ஏற்றினார்கள். மார்ச் மாதத்தில் ஒரே நாளில் பதினோரு டாலருக்கும் கீழே விழுந்தது. குழந்தைக்குக் கொலுசு வாங்குங்கள், குத்துவிளக்கு வாங்குங்கள், பென்ஷனுக்கு வேண்டாம்.

அதோடு, நாம் 'சேமிப்பு' என்று சொல்லி வாங்குவது நகையைத்தானே? 100 ரூபாய் தங்கத்துக்குச் செய்கூலி, சேதாரம் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 112க்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 115 ரூபாய் 36 காசு. மறுநாளே விற்கப் போனால் அந்த 15 ரூபாய் அம்போ. மெருகு, கல் என்று கழித்தால் இன்னும் குறையும். போட்டு அழகு பார்க்கத்தான் நகை. நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அது செலவு என்று தெரிந்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

சர்க்கார் வெளியிட்ட தங்கப் பத்திரம் நல்ல ஏற்பாடாக இருந்தது. 2015 நவம்பரில் முதல் பத்திரம் கிராம் 2,684 ரூபாய். 2023 நவம்பரில் முதிர்ந்தபோது 6,132 ரூபாய் கொடுத்தார்கள்; நடுவில் வருஷம் 2.75 சதவீதம் வட்டி வேறு, கிராமுக்கு 73 ரூபாய்ச் சொச்சம். சேதாரம் இல்லை, திருட்டு பயம் இல்லை. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். விலை ஏற ஏற சர்க்காருக்கே கட்டுப்படியாகவில்லை போலும்! இப்போது நகையில்லாமல் தங்கம் வேண்டுமென்றால் தங்க ஈ.டி.எஃப். உண்டு, டீமாட் கணக்கு வேண்டும், வட்டி கிடையாது.

எங்கள் வீட்டில் இத்தனையையும் மேஜைமேல் போட்டுப் பேசினோம். இவர் முதலில் கொழுந்தனார் பக்கம் சாய்ந்துதான் இருந்தார். "தம்பி சொல்றதிலும் நியாயம் இருக்கும்மா. ஒரு லட்சமாவது போட்டுப் பார்ப்போமே" என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்த ஒரு லட்சம் போச்சுன்னா, எந்த மாசத்து மருந்தை நிறுத்தலாம், சொல்லுங்க?" பேச்சு அங்கே நின்றது. கொழுந்தனாருக்கு முதலில் முகம் வாடிவிட்டது. அப்புறம் அவரே காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதுல செபி பதிவு எண் எதுவும் காணோமே" என்றார். கம்பெனிக்காரரிடம் கேட்டு வாங்கி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். வந்தால் பார்ப்போம். அவருக்கு முப்பத்தாறு வயது, லேத் பட்டறை ஓடுகிறது; போடுவதும் விடுவதும் அவர் இஷ்டம். எங்கள் பி.எஃப். பணம் அதில் போகாது.

எங்கள் தீர்மானம் இதுதான். பெரும்பகுதி தபாலாபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். அறுபது வயது ஆகவேண்டும் என்பார்கள். ஆனால் 55க்கு மேல் ஓய்வு பெற்றவர்கள், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் சேர்த்துக்கொள்கிறார்கள். இது 2023 நவம்பரில் வந்த விதி. முன்பு ஒரே மாதம்தான் கெடு. 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கி, உச்சவரம்பையும் 30 லட்சமாக உயர்த்தினார்கள். அந்த வட்டிக்குப் பத்து லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 ரூபாய் வரும். வட்டி விகிதத்தைச் சர்க்கார் அவ்வப்போது மாற்றலாம். நாம் போட்ட நாளில் இருந்த வட்டி ஐந்து வருஷத்துக்கும் அப்படியே இருக்கும். புதுசா ஏதும் இல்லாத, பேப்பரில் பேசப்படாத திட்டம். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

தங்கம், என்னிடம் இருக்கும் பதினொரு பவுன் போதும். புதிதாக வாங்கப் போவதில்லை, இருப்பதை விற்கவும் போவதில்லை. ஆபத்துக்கு அது என் பேரில் இருக்கட்டும்.

நாலு வருஷம் இருக்கிறதே என்று சும்மா இராமல் போன வாரம் ஒரு காரியம் செய்தேன், நீங்களும் செய்யலாம். பழைய நகைகளில் ஹால்மார்க் கிடையாது. சேலத்தில் ஹால்மார்க் சோதனை மையத்தில் சின்னக் கட்டணத்துக்கு மாற்றுப் பார்த்து எழுதித் தருகிறார்கள். அம்மா போட்ட சங்கிலி 916க்குக் குறைவாகத்தான் வந்தது. 'இருபத்திரண்டு காரட்' என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். எடை, மாற்று, யார் போட்டது என்று ஒரு நோட்டில் எழுதி, மகளிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். அதே கையோடு இவருடைய பி.எஃப். கணக்கில் நாமினி யார் என்று பார்க்கச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது, இன்னும் மாமியார் பெயரிலேயே இருந்தது. அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மாற்றுவதற்கு மனு கொடுத்திருக்கிறோம்.